பிவிசி குழாயில் முறுக்குள்ள காற்றாலை இறக்கை செய்வது எப்படி?

மாதிரிக் காற்றாலை செய்கிறவர்கள் பலர் தட்டையான அட்டைகளைச் சாய்த்து ஒட்டிவிட்டு, சுற்றினால் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. அடிமுதல் நுனிவரை ஒரே சாய்வில் இருக்கும் இறக்கை காற்றை வீணாக்குகிறது.

சுழலும்போது நுனி வேகமாக ஓடுகிறது, அடிப்பகுதி மெதுவாக நகர்கிறது. ஓடும் பஸ்ஸில் பக்கக்காற்றும் முகத்தில் அடிப்பதைப்போல, நுனிக்குக் காற்று ஏறத்தாழ எதிரிலிருந்தே வருகிறது. ஆகவே, சுழலும் தளத்திலிருந்து அளந்தால், நுனி குறைவாகவும் அடி அதிகமாகவும் சாய்ந்திருக்க வேண்டும். நுனி காற்றைவிட 4 மடங்கு வேகத்தில் ஓடுவதாகவும், இறக்கையை அடையும்போது காற்றின் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதாகவும் வைத்துக் கணக்கிட்டேன். மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் காற்று சுமார் 34 பாகையிலும், 20 செ.மீ. தொலைவிலுள்ள நுனியில் சுமார் 9.5 பாகையிலும் வருகிறது. காற்று இறக்கையின்மேல் சற்றே சாய்வாகப் படவேண்டும் என்பதால் 5 பாகையைக் கழித்தால், இறக்கையின் சாய்வு அடியில் சுமார் 29 பாகை, நுனியில் சுமார் 4.5 பாகை.

இந்த முறுக்கைக் குழாயின் வளைவே தந்துவிடும். 75 மி.மீ. பிவிசி குழாயில் 15 செ.மீ. நீளத் துண்டை எடுங்கள். ஒரு விளிம்பை நேராக விட்டு, அடியில் 5 செ.மீ., நுனியில் 2 செ.மீ. அகலம் வரும்படி மறுவிளிம்பைச் சரிவாக அறுங்கள். இப்படி 3 இறக்கைகள் வேண்டும்.

அடுத்த வேலையில்தான் தவறு நேரும். குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். சுழலும்போது சரிவான விளிம்பு முன்னே செல்ல வேண்டும். நேர்விளிம்பு முன்னே வந்தால் முறுக்கு தலைகீழாகிவிடும். முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டுங்கள், பின்விளிம்பை மெலிதாக்குங்கள்.

ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் மரக்குச்சியைத் திருகாணியால் பிணைத்து, நடுவிலுள்ள மரக்கட்டையின் துளையில் செருகுங்கள். குச்சியைத் திருப்பினால் கோணம் மாறும். கட்டையைச் சிறிய டிசி மோட்டாரின் தண்டில் பொருத்துங்கள்; தண்டு சுழன்றால் மோட்டார் மின்சாரம் தரும்.

மின்விசிறியின் காற்று சுழன்றபடியே வரும், சோதனையைக் கெடுத்துவிடும். அட்டைப்பெட்டி நிறைய உறிஞ்சுகுழல்களை நெருக்கமாக அடுக்கி முன்னால் வைத்தால் காற்று நேராகும். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 20 ஓம் மின்தடையை இணைத்து மின்னழுத்தத்தை அளவிடுங்கள். மின்தடையை இணைக்காமல், அதாவது சுமையில்லாமல் அளந்த அளவை நம்பாதீர்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை 20 ஆல் வகுத்தால் மின்திறன் கிடைக்கும்.

காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. அதைவிட நம் மாதிரி வெகுவாகக் குறைவாகவே தரும், கவலை வேண்டாம். மூன்று குச்சிகளையும் ஒரே அளவில், 2 பாகை வீதம் திருப்பித் திருப்பி அளந்து, அதிக மின்திறன் வந்த கோணத்தில் பசையிட்டு இறுக்குங்கள். இறக்கை கழன்றால் பக்கவாட்டில் பறக்கும்; ஆகவே அது சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள்.