‘எங்களிடம் வாங்கின கார் இல்லையே’ என்று ஏஜென்ட் கையை விரித்தால்

"சேர், மேக்க அப்பே எக்கக் நெவெய்." கொழும்பில் கார் வைத்திருப்பவர்களில் பலர் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். இது எங்கள் கொம்பனி இறக்கின வாகனம் இல்லை, ஆகவே வொரண்டி என்ற பேச்சே வேண்டாம் என்பதுதான் பொருள். ஓய்வு பெறும்வரை, வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்காக இங்கே கார் இறக்கி விற்கிற ஒரு ஏஜென்ட் கொம்பனியின் சேர்விஸ் கவுண்டரில் இருந்துகொண்டு இதைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவந்தவன் நான். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். மேல்மாடிக்காரர், கோயிலில் காண்பவர், சொந்தக்காரர் எல்லாரும் காரில் ஒரு லைட் பற்றினால் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

கவுண்டரில் நிற்கிற பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் காரில் பொறித்திருக்கும் அடையாள இலக்கமான செசி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார், அது இல்லை என்கிறது, அதை உங்களுக்குச் சொல்கிறார். வொரண்டியில் ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தால், அதன் செலவை ஏஜென்ட் வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ஏஜென்டின் பதிவில் இல்லாத காருக்கு அந்தக் காசு வராது. மறுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான், மற்றதெல்லாம் சாட்டு. இது விளங்கினால் எங்கே அழுத்த வேண்டும், எங்கே நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் விளங்கும்.

உங்கள் கார் எந்த வகை?

சீஆரை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, எடுத்துச் செசி நம்பரைப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு இருந்தால் அது இந்திய, ஐரோப்பிய, கொரிய, சீன வாகனமாக இருக்கும், அல்லது ஜப்பான்காரர் ஏற்றுமதிக்கென்றே செய்ததாக இருக்கும். ‘ஆர்யூ3’ மாதிரி ஒரு குட்டிக் குறியீடு, நடுவில் ஒரு கோடு, பிறகு ஏழு எண் என்றிருந்தால் அது ஜப்பானுக்குள்ளே ஓடுவதற்குச் செய்த கார். வெளிநாட்டில் ஓடி, பிறகு இங்கே இறக்கின நம் ஊர் ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவை இந்தக் கோடு போட்ட இலக்க வகை.

ஏஜென்ட் இறக்கின காரைத்தான் நீங்கள் யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ ஒரு டீலரிடம் வாங்கினீர்கள், அல்லது முதல் சொந்தக்காரரிடம் கைமாறி வாங்கினீர்கள் என்றால், கொழும்பு சேர்விஸ் நிலையம் சொல்கிற ‘இல்லை’யை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். வொரண்டிப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். பெரும்பாலும் அது காரோடு போகிறது, ஆளோடு அல்ல. சிலதில் சொந்தக்காரர் மாறினால் அறிவிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்விஸ் முத்திரைகள் ஒழுங்காக இருந்தால் நேரே தலைமைக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். கிளைக்காரர் சோம்பலில் மறுத்ததை மேலிடம் ஒரு மின்னஞ்சலுக்கு ஒத்துக்கொண்டதை என் காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன்.

ரீகண்டிஷன் கார் என்றால் கதை வேறு. ஜப்பானில் புதுக் காருக்குப் பொதுவான வொரண்டி 3 வருடம் அல்லது 60,000 கிலோமீட்டர். இயந்திரம், கியர்பொக்ஸ் போன்ற முக்கிய பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர். அந்த நாட்டுக்குள்ளேயே கார் கைமாறினாலும், டீலரிடம் கொண்டுபோய்ப் பரிசோதித்து வொரண்டியைப் புது ஆளின் பேருக்கு மாற்ற வேண்டும். கப்பல் ஏறினால் அதோடு சரி. ஆகவே "ஜப்பான் வொரண்டி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு மிஸ்" என்று கார் சேல்காரர், அதாவது கார் விற்கிற கடைக்காரர், சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த காரைப் பாருங்கள்.

மூன்றாவது வகை இப்போதுதான் கூடிவருகிறது. 2020 மார்ச்சில் பூட்டின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்த பிறகு, ஏஜென்டைச் சுற்றிக்கொண்டு வேறு ஆட்கள் இறக்குகிற புத்தம் புதுக் கார்கள். ஓடாத கார், ஆனால் ஏஜென்டுக்கு அது யாரோ. இதில் சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மின்சாரக் கார்தான் எனக்குப் பெரிய பயம். சார்ஜ் பண்ணும் வாயே வேறு வடிவம், திரையில் சீன எழுத்து, மென்பொருள் புதுப்பிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டால் விற்றவருக்கே தெரியாது. விலை குறைவு என்று பாய்வதற்கு முதல், அதே கார் பழுதானால் கொழும்பில் எந்தக் கராஜ் திறந்து பார்க்கும் என்று விற்பவரிடமே முகவரி கேளுங்கள்.

(யூடியூப் பார்த்துவிட்டு "எந்த டீலரும் மறுக்க ஏலாது, சட்டம் இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது 1975 இல் அமெரிக்காவில் வந்த வொரண்டிச் சட்டத்தை அரைகுறையாகக் கேட்ட கதை. வெளியில் சேர்விஸ் செய்த ஒரே காரணத்துக்காக வொரண்டியை வெட்டக் கூடாது என்பதுதான் அதில் பேர்பெற்ற பகுதி. அதைக் கொண்டுவந்து கொழும்பு யூனியன் பிளேசில் இருக்கும் ஏஜென்டிடம் காட்டிப் பயனில்லை.)

வாக்குக் கொடுத்தவரைப் பிடியுங்கள்

ஏஜென்ட் உங்களுக்கு எந்த வாக்கும் தரவில்லை. காசை வாங்கினவர் தந்திருக்கிறார். அவரைப் பிடிப்பதற்குத் தாள் வேண்டும், அந்தத் தாளை வாங்குகிற நேரம் காசு கொடுக்க முதல்தான். கொடுத்த பிறகு தேநீர்கூடக் கிடைக்காது.

சேல்களில் வழக்கமாக எழுதித் தருவது ‘இயந்திரம், கியர்பொக்ஸ் 6 மாதம்’ என்று ஒரே ஒரு வரி. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு டீச்சர் இப்படி ஒரு ஹைபிரிட் வாங்கினா. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது திரையில் முக்கோணம் வந்து, கார் இழுவை குறைந்துவிட்டது. ஸ்கேன் பண்ணினதில் ‘பி0ஏ80’ என்று குறி விழுந்தது. ஹைபிரிட் பெட்டரியை மாற்று என்பதற்கான குறி. ஏஜென்ட் கவுண்டரில் வழமையான பதில். சேலுக்குப் போனால், "மிஸ், பெட்டரி எஞ்சின் இல்லையே" என்றார்கள். பேச்சுக்கு அது சரி. பாவம், டீச்சர் அழாத குறையாக என்னிடம் வந்தா.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: வாங்கும்போது வாட்ஸ்அப்பில் ஏதாவது கதைத்தீங்களா டீச்சர்? போனை நீட்டினா. விற்பனைப் பையன் பெரிய மனதோடு ‘பெட்டரியும் கவர் ஆகும் மிஸ், பயப்படாதீங்க’ என்று அனுப்பியிருந்தான், பக்கத்தில் ஒரு கைகூப்பும் படம். அதை அச்செடுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வைத்து சேல் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இப்படியான செய்திகளையும் ஆவணமாக ஏற்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். பெட்டரி அவர்கள் செலவு, கூலி டீச்சர் செலவு என்று முடிந்தது. முழு வெற்றி இல்லைதான், ஆனால் பெட்டரியின் விலையோடு பார்த்தால் கூலி ஒரு காசா?

ஆகவே பில்லில் பாகங்களைப் பேர் சொல்லி எழுதுவியுங்கள். நான் எழுதிக் கொடுக்கிற மாதிரி இது:

‘மேற்படி வாகனத்தின் இயந்திரம், கியர்பொக்ஸ், ஹைபிரிட் பெட்டரி, இன்வேர்ட்டர், ஏபிஎஸ் பம்ப், ஏசி கொம்ப்ரஸர் ஆகியவற்றுக்கு இன்றிலிருந்து 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை, பாகச் செலவும் கூலியும் விற்பனையாளரைச் சேரும். திருத்தம் செய்யும் இடம் இன்னது. வாகனம் ஓடாத நிலையில் இழுத்துச் செல்லும் செலவும் விற்பனையாளருடையது.’

கடைசி வரியில் இழுபறிப்படுவார்கள், விட்டுக்கொடுக்கலாம். கூலியை விட்டுவிடாதீர்கள். திகதி, கிலோமீட்டர், செசி நம்பர், கொம்பனியின் பதிவு இலக்கம், கையெழுத்துப் போட்டவரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். லீசிங்கில் எடுக்கிறீர்கள் என்றால் விலைப் பில் லீசிங் கொம்பனி பேரில்தான் போகும். வொரண்டிக் கடிதத்தை உங்கள் பேருக்குத் தனியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் பிறகு "நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லை" என்ற பாட்டையும் கேட்க வேண்டிவரும்.

கவுண்டரில் என்ன கேட்பது

மறுத்தால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். நாங்களும் கொடுத்ததில்லை. அன்றைக்கே நீங்களே மின்னஞ்சல் போடுங்கள்: ‘இன்று உங்கள் நிலையத்துக்கு இன்ன இலக்க வாகனத்தைக் கொண்டுவந்தேன். இன்ன பழுது. உங்களிடம் வாங்காத வாகனம் என்பதால் வொரண்டியில் திருத்த முடியாது என்று உங்கள் அலுவலர் கூறினார். இது பிழையானால் 7 நாளுக்குள் அறியத்தரவும்.’ பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு அது சாட்சி. சேல்காரரிடம் போகும்போது, ஏஜென்ட் கைவிட்டார் என்பதற்கான தாள் அதுதான்.

அடுத்து, காசு கொடுத்தால் செய்வீர்களா என்று கேளுங்கள். வொரண்டி மறுப்பு வேறு, வேலை மறுப்பு வேறு. பல ஏஜென்ட்மார் காசுக்கு எந்தக் காரையும் எடுப்பார்கள். குறைந்தது ஸ்கேன் ரிப்போர்ட்டையாவது அவர்கள் கடிதத்தலைப்பில் எடுத்துவிடுங்கள். ஏஜென்ட் முத்திரையோடு வருகிற ரிப்போர்ட்டுக்கு இருக்கும் கனம் தெருமுனைக் கராஜ் தாளுக்கு இல்லை.

ரீகோலை வொரண்டியோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். ரீகோல் என்பது தயாரிப்பிலேயே இருக்கும் பாதுகாப்புக் குறைக்காகத் தயாரிப்பாளர் தானே கூப்பிடுவது. 2013 செப்டெம்பரில் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் அடுத்த வருடம் ஒக்டோபருக்குள் ஜப்பானில் ஐந்து தடவை ரீகோல் ஆனது. தகாட்டா என்ற ஜப்பான் கொம்பனி செய்த எயார்பேக் விவகாரம் அதைவிடப் பெரிது. எயார்பேக்கை விரியவைக்கும் ஊதுகருவிகள் உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி ரீகோல் ஆகின. உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டு, எயார்பேக் விரியும்போது இரும்புத் துண்டு பறக்கலாம். வெப்பமும் ஈரப்பதமும் என்றால் கொழும்புதானே? தயாரிப்பாளரின் ஜப்பான் இணையத்தளத்தில் செசி நம்பரைப் போட்டால் செய்யாத ரீகோல் தெரியும். ஜப்பான் எழுத்தைப் போன் மொழிபெயர்ப்பே வாசித்துவிடும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போய், ‘வொரண்டி’ என்ற வார்த்தையை எடுக்காமல் ரீகோல் என்று மட்டும் சொல்லுங்கள். கவுண்டரில் மறுத்தால் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள், பிரதியை ஏஜென்டுக்கு அனுப்புங்கள்.

முறைப்பாடு

விற்றவர் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, கொழும்பு 2 வொக்ஷோல் வீதியில். அழைப்பு இலக்கம் 1977. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். விசாரித்து, பொருளை மாற்றித்தா, காசைத் திருப்பிக்கொடு, நட்டஈடு கொடு என்று உத்தரவிட 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். சேல் தருவது 6 மாத வொரண்டி! நாலாம் மாதம் பழுதுபட்டால் அந்தக் கதவு பூட்டியிருக்கும். முதல் மாதத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுத்தில் அறிவியுங்கள். "பார்ப்போம் சேர், அடுத்த கிழமை" என்று இரண்டு தடவை வந்தால் மூன்றாவதுக்குக் காத்திராமல் அதிகாரசபைக்கு எழுதிவிடுங்கள்.

அந்த 3 மாதம் கடந்துவிட்டால் மத்தியஸ்த சபையும் சட்டத்தரணியும்தான். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தத் தீவில் கார் ஓடுவதற்கு முந்திய சட்டம், ஆனால் விற்ற பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. ஒரு சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்துக்கே பாதி சேல்கள் இறங்கி வரும்.

இடையில் லீசிங் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். கார் கராஜில் கிடக்கிறது என்பது லீசிங் கொம்பனிக்குக் காரணம் இல்லை.

வெளிக் கராஜில்தான் செய்ய வேண்டி வந்தால், ஹைபிரிட் தெரிந்த பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், போங்கள். பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கினால் பாகத்தின் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றின பழையதையும் கேட்டு வாங்குங்கள். பெட்டரி என்றால் புதிதா, செல் மாற்றிக் கட்டினதா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். செல் மாற்றினதற்குப் ‘புதுப் பெட்டரி’ என்று பில் போட விடாதீர்கள்.