ஆட்டோகிராஸ் காருக்கு டயரும் அளவும் தேர்ந்தெடுக்கும் முறை

குறுகிய தடத்தில் நேரம் குறித்துக் கார் ஓட்டும் போட்டியான ஆட்டோகிராஸில் ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்திலோ ஒன்றரை நிமிடத்திலோ முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் டயர் சூடேறிப் பிடிப்புக் கொடுத்தாக வேண்டும்; கொடுக்காத டயர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அன்றைக்குப் பயன்படாது. அமெரிக்காவின் ஹூசியர் நிறுவனம் ஏ7, ஆர்7 என்று இரண்டு வகைகளைத் தனித்தனியாக உருவாக்கியதற்கும் இதுவே காரணம்: ஏ7 சட்டென்று சூடேறும் ரப்பர் கலவையால் ஆனது, ஆட்டோகிராஸுக்கு உரியது, ஆர்7 சர்க்யூட்டில் சுற்றுக்குமேல் சுற்றாக வரும் சூட்டைத் தாங்குவதற்கானது. ஆகவே சர்க்யூட் பந்தயக்காரர் ஒருவர் புகழ்ந்து சொன்ன டயர் நம் தேவைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டயர் கடைக்குப் போகிறவர்கள் வழக்கமாக முதலில் பிராண்டைக் கேட்கிறார்கள், பிறகு எவ்வளவு அகலம் ஏறும் என்று கேட்கிறார்கள். என் கருத்தில் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். எந்தத் தரையில் ஓட்டப்போகிறோம், விதி எதை அனுமதிக்கிறது, ரிம்மின் அகலம் என்ன, இரண்டாம் கியர் எதுவரை இழுக்கும் என்ற நான்குக்கும் விடை தெரிந்த பிறகு பிராண்டைப் பற்றிப் பேசினால் போதும். அப்போது பேசுவதற்கு இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சியிருக்கும்.

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றால் தார் அல்லது கான்கிரீட் பரப்பில் கோன் வைத்து நடத்துவது. நம் நாட்டிலோ அதே பெயரில் மண் திடலிலும் நடத்துகிறார்கள், தார்ப் பரப்பிலும் நடத்துகிறார்கள். இரண்டுக்கும் ஒரே டயர் என்பது நடக்காத காரியம். நுழைவுப் படிவத்தை நிரப்பும்போதே தரை எது என்று கேட்டுக்கொள்வதுடன், அந்தப் போட்டிக்கென்று வெளியிடப்படும் துணை விதிகளில் டயரைப் பற்றிய பத்தியையும் முழுமையாகப் படித்துவிட வேண்டும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அனுமதியுடன் நடக்கும் போட்டிகளில் காரின் பிரிவைப் பொறுத்து டயருக்கும் ரிம்முக்கும் கட்டுப்பாடு இருக்கலாம். போட்டிக்கு முன் காரைச் சரிபார்க்கும் பரிசோதனை மேசையில் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்வது வீண் செலவில் முடியும்.

அடுத்தது ரிம். அலாய் வீலின் பின்பக்கத்தில், ஆரக்கால் ஒன்றின் மேல் 5.5ஜே×15 என்பதுபோல் வார்த்திருப்பார்கள், இதில் 5.5 என்பது அங்குலத்தில் ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் உண்டு. 195/55 ஆர்15 டயருக்கு (195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்) அது 5.5 முதல் 7 அங்குலம் வரை. 205/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7.5 வரை. அனுமதி இருப்பதால் 5.5 அங்குல ரிம்மில் 205 டயரை மாட்டிவிடலாம்தான், ஆனால் அதன் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, திருப்பத்தில் டயர் ஒருபுறமாக மடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் காரின் மூக்கு திரும்புவதற்கும் இடையில் ஒரு தாமதம் வரும். கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பகுதியில் இந்தத் தாமதம் ஒவ்வொரு கோனிலும் கூடிக்கொண்டே போகிறது. குறுகிய ரிம்மில் 205 மாட்டுவதைவிட அதே ரிம்மில் 195 மாட்டுவதையே நான் சொல்வேன்; ரிம்மை 6.5 அங்குலத்துக்கு மாற்ற விதி இடம் கொடுத்தால் மட்டும் 205ஐப் பற்றி யோசிக்கலாம். ரிம்மை மாற்றுகிறவர்கள் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) மூன்றையும் பழைய ரிம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி விட்டம். நம் பக்கத்தில் அதிகம் புழங்கும் மாருதி ஸ்விஃப்டின் மேல்நிலை வகைகளில் பல ஆண்டுகளாக வந்த 185/65 ஆர்15 அளவையே எடுத்துக்கொள்வோம். 185 மில்லிமீட்டர் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 120.25 மி.மீ.; இதை இரட்டித்து, 15 அங்குல ரிம்முக்கு உரிய 381 மி.மீ.யைக் கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. இதே கணக்கில் 195/60 ஆர்15 டயரின் விட்டம் 615, 195/55 டயருடையது 595.5, 205/50 டயருடையது 586, 195/50 டயருடையது 576 மி.மீ. என்று வரும்.

விட்டம் குறைந்தால் எஞ்சினுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது எளிதாகிறது. 621.5 இருந்த இடத்தில் 586 வந்தால், கியர்பாக்ஸைத் தொடாமலேயே ஒவ்வொரு கியரிலும் இழுவை ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். கோனைத் தாண்டி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இதை உடனே உணரலாம். ஆனால் இதற்கொரு விலை உண்டு. இரண்டாம் கியரில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகும் கார், 586 மி.மீ. டயரில் 85க்குச் சற்றுக் கீழேயே எஞ்சினின் எல்லையைத் தொட்டுவிடும். தடத்தின் நீளமான பகுதியில் 88 வரை போக வேண்டியிருந்தால், மூன்றாம் கியருக்குப் போய், உடனே பிரேக்குக்காகத் திரும்ப இரண்டுக்கு வர வேண்டும். அகலமான டயர் சம்பாதித்துக் கொடுத்த நேரம் அந்த இரண்டு கியர் மாற்றங்களில் கரைந்துபோகும். மாறாக, முழுத் தடமும் 70க்குள் முடிந்துவிடுவதானால் சிறிய விட்டம் முழு ஆதாயம். எனவே அளவை முடிவு செய்வதற்கு முன், உங்கள் கார் இரண்டாம் கியரில் எதுவரை போகிறது என்பதையும், நீங்கள் போகும் போட்டிகளில் அதிக வேகம் எவ்வளவு எட்டப்படுகிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 15 அங்குல ஸ்விஃப்டுக்குத் தார்ப் பரப்பில் 195/55 ஆர்15 நடுநிலையான தேர்வு என்பது என் முடிவு. பாரக் குறியீடு இதில் பெரிய சிக்கல் இல்லை: 195/55 ஆர்15 டயரில் வழக்கமாகக் காணப்படும் 85 என்ற குறியீடு ஒரு டயருக்கு 515 கிலோவைக் குறிக்கிறது, ஒரு டன்னுக்கும் குறைவான காருக்கு அது தாராளம்.

கலவைக்கு வருவோம். டயரின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இது அமெரிக்க அரசின் தர முறை. எண் குறைந்தால் ரப்பர் பொதுவாக மென்மையானது, பிடிப்புக் கூடியது, விரைவில் தேய்வது என்று கொள்ளலாம். ஆனாலும் சோதித்து எண்ணைப் போடுகிறவர் தயாரிப்பாளரே ஆகையால், ஒரு நிறுவனத்தின் 200ஐ இன்னொரு நிறுவனத்தின் 200க்குச் சமமாக வைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு தன் தெருக்கார் பிரிவுகளில் 200க்குக் குறைந்த டயர்களை அனுமதிப்பதில்லை. அதனால் பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்ற டயர்கள் சரியாக 200 என்ற எண்ணுடன், ஆனால் பந்தய டயருக்கு நெருங்கிய பிடிப்புடன் வருகின்றன. டோயோ ஆர்888ஆர் 100 என்ற எண்ணைக் கொண்டது. தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் (பள்ளங்கள்) குறைவாக இருப்பதால் மழைநீரில் அதை நம்ப முடியாது.

இவற்றில் எது கையில் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்த பிறகு வெளிநாட்டுப் பந்தய டயர்கள் அரிதாகவும் விலை கூடியும் போயின. (நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது என்பதற்காகப் பந்தய டயர் புதுச்சேரியில் சுலபமாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்; அந்த வகை டயர்களுக்கு நிறுவனத்தின் மோட்டார் விளையாட்டுப் பிரிவையோ அதற்கென்று உள்ள விற்பனையாளரையோதான் அணுக வேண்டும்.) புதிதாகத் தொடங்குகிறவர், உள்ளூரில் கிடைக்கும் நல்ல சாலை டயர் ஒன்றிலேயே முதல் பருவத்தை ஓட்டுவது நல்லது. சாலை டயர் வழுக்கப்போவதைக் கிறீச்சிட்டு முன்கூட்டியே சொல்லும், வழுக்கினாலும் மெதுவாக வழுக்கும். பந்தய ரப்பர் கடைசிவரை பிடித்துவிட்டுத் திடீரென்று விடும்.

வாங்கும்போது தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது, கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது அந்தப் பக்கம் பெரும்பாலும் கீழே இருக்கும். புரட்டிக் காட்டச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் நான்கையும் தனித்தனியாகப் படித்துவிடுங்கள். பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டங்களுக்கு, இடையே நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மெல்ல எழும்பினால் ரப்பர் உயிரோடு இருக்கிறது, பதியவே மறுத்தால் விலை குறைத்தாலும் வேண்டாம். சாலையில் ஐந்து ஆண்டு ஓடும் டயர்கூட, போட்டிக்கான மென்மையை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும்.

புதிய அளவு மாட்டியதும் கடைவாசலிலேயே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, உட்புறம் சஸ்பென்ஷன் தூணுக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பின்சீட்டில் மூவரை உட்கார வைத்து ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கினால், பின்சக்கர வளைவில் இடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மண் திடலுக்கு மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிறது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் கோடையில் மேலே மெல்லிய தூளும் அடியில் இறுகிய தரையும் இருக்கும். அகலமான டயர் தூளின் மேல் மிதந்துவிடும். குறுகிய டயர் அதே எடையைச் சிறிய பரப்பில் இறக்குவதால் தூளைக் கிழித்து அடித்தரையைப் பிடிக்கும். ஸ்விஃப்டின் கீழ்நிலை வகைகளில் வந்த 165/80 ஆர்14 டயரின் விட்டம் 619.6 மி.மீ., அதாவது 185/65 ஆர்15 டயரைவிட 2 மி.மீ. மட்டுமே குறைவு, கியர் கணக்கு மாறாது, பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் கல்லில் ஏறினாலும் ரிம் தப்பும். இரும்பு ரிம்மோடு பழைய செட் ஒன்று தேடினால் மலிவாகக் கிடைக்கும். மாட்டும்போது பிரேக் காலிப்பரில் ரிம் உரசவில்லை என்பதை மட்டும் கையால் சுழற்றி உறுதி செய்துகொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அதே செம்மண் குழைந்து பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். அப்போது இடைவெளி அகலமான, சேற்றை உதறும் பட்டன் டயர்தான் வேலை செய்யும்.

காற்றழுத்தம் செலவில்லாத சரிசெய்தல், ஆகவே அதற்கு அதிக நேரம் கொடுங்கள். தார்ப் பரப்பில் முன்சக்கர இழுவைக் காருக்கு முன்னே 34, பின்னே 32 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். டயரின் விளிம்பில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று இடங்களில் குறுக்காகச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும், பக்கச்சுவரில் பல டயர்களில் காணப்படும் சிறிய முக்கோணக் குறி வரை கோடு அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதைத் தாண்டிக் கீழேயும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும், குறிக்கு மேலேயே கோடு நின்றிருந்தால் குறைக்கலாம். மூக்கு திரும்ப மறுத்து நேராக இழுத்தால், பின்சக்கரத்தில் சிறிது கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தரும்.

நம் கடற்கரை வெயிலில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை 26 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெயிலில் நின்று 45 டிகிரிக்கு வந்தால், ஓடாமலேயே ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், காலையில் பார்த்த அளவை நம்பி மதிய ஓட்டத்துக்குப் போகக் கூடாது. வெயில் பக்கம் நிற்கும் டயர்களை ஒரு துணியால் மூடி வைப்பதும், விதி அனுமதித்தால் ஓட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தெளிப்பதும் மே மாதப் போட்டிகளில் வித்தியாசம் காட்டும். அளவுக்கு மீறிச் சூடான சாலை டயர் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

பணம் இரண்டு டயருக்கு மட்டும் இருந்தால், முன்சக்கர இழுவைக் காரில் போட்டி நாளில் புதியவை முன்னே போகட்டும். திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன்சக்கரங்களின் வேலை. ஆனால் வீடு திரும்பும்போது அவற்றைப் பின்னுக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் மழையில் நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் காரை மீட்பது கடினம். சாலையில் காருக்கான குறைந்தபட்சக் கோட்டு ஆழம் 1.6 மி.மீ. என்பது சட்டம்; தேய்ந்த போட்டி டயரில் சென்னை அருகே பந்தயத் தடம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை வரை ஓட்டிப் போகாமல், பின்சீட்டை மடக்கி நான்கையும் ஏற்றிச் சென்று அங்கே மாற்றுவதே முறை.

போட்டி முடிந்ததும் கழற்றி, ஒட்டியிருக்கும் கல்லையும் ரப்பர் துண்டுகளையும் சுரண்டி எடுத்து, எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று உட்புறம் சுண்ணக்கட்டியால் எழுதி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலான அறையில் வையுங்கள். மொட்டை மாடியும் கூடாது, தண்ணீர் மோட்டார் ஓடும் அறையும் கூடாது. வெயிலைப் போலவே, மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோனும் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். உப்புக்காற்று ரப்பரை அவ்வளவாகத் தொடாது, ஆனால் அலாய் ரிம்மின் உதட்டை அரித்து மெல்லக் காற்றை விடச் செய்யும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை டயரைக் கழற்றும்போது அந்த உதட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.