மல்பெரியில் இலை மட்டும்தான் வருகிறதா? வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் மல்பெரி என்றால் பெரும்பாலும் வயல்பயிர்தான். கிருஷ்ணகிரி, ஓசூர், தாளவாடி, உடுமலை, தேனி என்று பட்டுப்புழு வளர்க்கிற ஊர்ப்பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கும். அங்கே பழத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. புழுவுக்குத் தீனி இலை. அது எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அகலமாக வருகிறது என்பதுதான் கணக்கு. நம் வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்கிற குச்சிகள் பலவும் அந்த வயல்களிலிருந்து வருபவை. கூடவே வருகிற யோசனைகளும் அங்கிருந்துதான். 'யூரியா போடுங்க', 'அடியோட வெட்டி விடுங்க, நல்லாத் தழையும்' என்று பட்டு விவசாயி சொல்வதில் தப்பே இல்லை. அவருக்கு வேண்டியது இலை. நமக்கு வேண்டியது பழம். வீட்டில் நடக்கிற தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மீதிப் பாதி, மாமரம் கொய்யா மரம் மாதிரி நினைத்து நட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவதால் வருவது.

முதலில் குச்சி. எந்த ரகம் என்று கேட்காமலே வாங்கி வந்து நடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பட்டு விவசாயிகளிடம் அதிகம் இருப்பது வி-1. மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1997-ல் வெளிவந்த ரகம், இலை விளைச்சலுக்கென்றே தேர்ந்தெடுத்தது. இப்படிப்பட்ட வயல் ரகங்களில் பழமே வராது என்றில்லை, வரும். ஆனால் அதற்காக உருவாக்கிய ரகம் இல்லை என்பது தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். பழத்துக்கென்றால் நர்சரிகளில் 'லாங் மல்பெரி', 'பாகிஸ்தான் மல்பெரி', 'ஷாதூத்' என்று விற்கிற நீளப்பழ ரகங்களைப் பார்க்கலாம். விரல் நீளத்துக்குத் தொங்கும், புளிப்பு குறைவு. இவற்றின் குச்சி வேர்விடக் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதனால் பதியன் போட்ட செடியோ ஒட்டுச்செடியோ வாங்குவது நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மல்பெரியில் ஆண் செடி, பெண் செடி தனித்தனியாக இருப்பதுண்டு. ஆண் செடியில் சரம் சரமாகப் பூ வரும், 'ஆகா, காய்க்கப் போகிறது' என்று காத்திருப்போம், நாலு நாளில் அத்தனையும் உதிர்ந்துவிடும். அடுத்த பருவமும் இதே கதைதான். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று அதைப் போட்டு வதைத்துப் பயனில்லை. நிச்சயமான வழி ஒன்றுதான்: காய்த்து நிற்கிற மரத்தைக் கண்ணால் பார்த்து அதிலிருந்து குச்சி வாங்குவது. பெண் செடிக்குத் துணையாக ஆண் செடி வேண்டுமே என்று தேட வேண்டியதும் இல்லை. பல ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்க்கும். விதை போட்டு முளைக்கவைப்பதை மறந்துவிடுங்கள். முளைப்பது ஆணா பெண்ணா, தாய்மரம் மாதிரி இனிக்குமா என்று தெரிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ரகம் தெரியாமல் நட்டு ஏமாந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், தன் நாட்டிலேயே பட்டு எடுக்க வேண்டும் என்ற ஆசையில் 1609 வாக்கில் ஆயிரக்கணக்கான மல்பெரிக் கன்றுகளை வரவழைத்தார். அவர் காலத்தில் அங்கே நட்டவற்றில் பல, கறுப்பு மல்பெரி இனம். பட்டுப்புழு விரும்பித் தின்பதோ வெள்ளை மல்பெரி இனத்தின் இலையை. அந்தக் கறுப்பு இனம் குளிர் உள்ள நாடுகளுக்கானது, நம் சமவெளிச் சூட்டுக்கு ஒத்துவராது. இங்கே பழம் கறுப்பாக இருப்பதால் 'கறுப்பு மல்பெரி' என்று விற்பது பெரும்பாலும் வேறு இனம். அதனால் வெளிநாட்டு வீடியோவில் பார்த்த மரம்தான் இது என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள்.

குச்சி நடுவது சுலபம் என்பார்கள். சுலபம்தான், ஆனால் எந்தக் குச்சி என்பதில் கவனம் வேண்டும். நுனியில் இருக்கிற பச்சைக் கொழுந்தை ஒடித்து நட்டால் அழுகிவிடும். ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய கிளையில், பென்சிலை விடக் கொஞ்சம் தடிமனான பகுதியாகப் பாருங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணு இருக்கட்டும். வெட்டின கையோடு நடுங்கள். வண்டியில் வெயிலில் கிடந்து காய்ந்த குச்சிக்கு என்ன செய்தாலும் உயிர் வராது. தலைகீழாக நடுவதும் நடக்கத்தான் செய்கிறது. இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அந்த மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டிவைத்தால் குழப்பமே வராது. ஒரு கணு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண் நிரப்பிய பையில் செருகி, சுற்றிலும் அழுத்தி, நிழலில் வையுங்கள்.

அப்புறம்தான் பெரிய ஏமாற்று வேலை. பத்துப் பதினைந்து நாளில் பளபளவென்று துளிர் வந்துவிடும். பிழைத்துக்கொண்டது என்று பையை வெயிலுக்கு மாற்றுவோம், அல்லது தோண்டித் தரையில் நடுவோம். ஒரே வாரத்தில் கருகிவிடும். காரணம், அந்த முதல் துளிர் குச்சிக்குள் சேமித்து வைத்திருந்த சத்தில் வந்தது. வேர் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும், சில சமயம் ஆரம்பித்தே இருக்காது. வேர் வந்துவிட்டதா என்று பார்க்கக் குச்சியைப் பிடுங்குவதும் கூடாது, இருக்கிற நாலு வேரும் அறுந்துபோகும். பட்டு நாற்றங்கால்களில் மூன்று மாதம் வைத்திருந்துதான் வயலுக்குக் கொண்டுபோவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்களை அப்படியே பின்பற்றலாம்.

இடம் பார்ப்பதில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடுவதுதான் வழக்கம், சின்னக் குச்சிதானே என்று. வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேலும் போகிற மரம் இது. வேர் ஈரம் தேடி ஓடும். செப்டிக் டேங்க், சம்ப், சாக்கடைக் குழாய் எல்லாம் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் அங்கே நட வேண்டாம். வெயில் குறைந்தது ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். கார் நிறுத்துமிடம், துணி காயப்போடும் கொடி, வெள்ளை டைல்ஸ் போட்ட வாசல் ஆகியவற்றின் மேல் கிளை நீளுமா என்றும் பாருங்கள். பழம் விழுந்து கறை ஆவது ஒரு பக்கம், அதைத் தின்ற பறவைகள் போடுகிற ஊதா எச்சம் இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் போகும்.

மாடியில் வைப்பவர்கள் 20 லிட்டருக்குக் குறையாத பையோ டிரம்மோ எடுங்கள். இரண்டு வருடத்தில் வேர் சுற்றிக்கொள்ளும். எடுத்து வெளிவேரை அரிந்து, புது மண் போட்டுத் திரும்ப வைத்தால் தொடர்ந்து காய்க்கும்.

உரத்துக்கு வருவோம். வி-1 வயலுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 கிலோ தழைச்சத்து (யூரியாவில் இருப்பது இதுதான்), 140 கிலோ மணிச்சத்து, 140 கிலோ சாம்பல்சத்து என்பது பட்டுத் துறையில் சொல்கிற கணக்கு. மற்ற இரண்டைப் போல இரண்டரை மடங்கு தழைச்சத்து! இலையை அறுத்து அறுத்து எடுக்கிற வயலுக்கு அது சரி. வீட்டுச் செடிக்கு அதே விகிதத்தில் யூரியா வைத்தால் இலை தாம்பாளம் மாதிரி வரும், பழத்தைத் தேட வேண்டியிருக்கும். மக்கின தொழுஉரமோ மண்புழு உரமோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூடை போதும். கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் தூவலாம். பச்சைச் சாணியைத் தண்டோடு ஒட்டிக் கொட்டாதீர்கள். தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும், மற்றபடி மல்பெரி தாங்கும். காய் பிடித்திருக்கிற நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மண் காய்ந்தால் பிஞ்சாகவே உதிர்த்துவிடும்.

இப்போது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. 'மூணு வருஷமாச்சு, ரெண்டு பழம்தான் வந்துச்சு' என்பவர்களின் செடியைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கத்தரியே படாத செடியாக இருக்கும். நெடுநெடுவென்று மேலே போய், உச்சியில் நாலு இலையோடு நிற்கும். மல்பெரியில் காய் வருவது புதுத் துளிரில். துளிர் விரியும்போதே ஒவ்வொரு இலைக் காம்படியிலும் பச்சையாகச் சின்னக் கம்பளிப்புழு போல ஒன்று எட்டிப் பார்க்கும், அதுதான் காய். புதுத் துளிர் எத்தனையோ அத்தனை காய். நம் ஊரில் பனிக்காலம் வந்து இலையை உதிர்த்து, செடியைத் தூங்கவைத்து எழுப்புவதில்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

முதல் வருடத்திலேயே இரண்டு மூன்று அடி உயரத்தில் நடுத்தண்டைக் கிள்ளி, நாலைந்து கிளையாகப் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பழம் முடிந்ததும் எல்லாக் கிளைகளின் நுனியிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மிச்சக் கிளையில் இருக்கிற இலைகளை ஒன்றுவிடாமல் கையால் உருவிவிடுங்கள். வெறும் குச்சியாக நிற்கும். வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் திட்டுவார்கள், கவலைப்படாதீர்கள். தண்ணீரும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கணுவெல்லாம் துளிர்க்கும், துளிரோடு காயும் வரும், அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பழம். வருடத்தில் இரண்டு மூன்று முறை இப்படிப் பழம் எடுக்கலாம். செடியும் ஆறேழு அடியில், கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும்.

இதிலும் தவறு செய்ய இடம் இருக்கிறது. நட்டுச் சில மாதமே ஆன செடியிலோ, நோஞ்சானாக நிற்கிற செடியிலோ இலையை உருவக் கூடாது. மே மாதம் தண்ணீர் கிடைக்காத நேரத்தில் செய்யக் கூடாது. வயலில் செய்வது போலத் தரையோடு வெட்டுவதும் பழத்துக்கு உதவாது. அடியிலிருந்து வாட்டசாட்டமான போத்துகள் கிளம்பும், இலை அள்ளிக்கொண்டு வரும், காய் குறைவு. பல வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் கை மொத்தக் கிளைகளை அரிவாளால் போடுவதும் வேண்டாம். அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது, மழை இறங்கி அழுக ஆரம்பிக்கும். வெட்டின இடத்தில் பால் வடிவது இயல்புதான், அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை.

பூச்சிகளில் முக்கியமானது மாவுப்பூச்சி. கொழுந்து சுருண்டு, தடித்து, முடிச்சுப் போட்டது மாதிரி ஆகிவிட்டால் உள்ளே பிரித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி இருக்கும். பட்டு விவசாயிகள் இதை 'டுக்ரா' என்பார்கள். இன்னொன்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை பூசினது மாதிரி ஆக்கியது. மருந்து அடித்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவியும், மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டும் இப்போதும் தோட்டத்தில் நமக்காகக் காசில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கண்ட பூச்சிமருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான். அதோடு, மல்பெரிப் பழத்தில் உரித்து எறியத் தோல் கிடையாது. அடித்தது அப்படியே வாய்க்குப் போகும். சுருண்ட கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், குப்பையில் போட்டால் திரும்ப ஏறிவரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம். செடியில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சியைக் காவல் காப்பதே எறும்புதான். பிள்ளைகள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள் என்றால் வேப்பெண்ணெய் பட்ட இலையை அவற்றுக்குப் போடக் கூடாது.

கத்தரி, தக்காளி, வெண்டையை மல்பெரி நிழலில் சேர்த்து நடுவதும் நல்லதல்ல. வேரில் முடிச்சு உண்டாக்குகிற நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழு இவற்றுக்கெல்லாம் பொது. செடி காரணமில்லாமல் மஞ்சளாகி நின்றுபோனால் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் அதுதான். அந்த இடத்தில் செண்டுமல்லி போட்டு, வேப்பம்பிண்ணாக்கு கலந்துவிடலாம்.

பழம் வந்துவிட்டால் மைனா, கொண்டைக்குருவி, குயில், அணில் எல்லாம் நமக்கு முன்னால் எழுந்துவிடும். மெல்லிய நைலான் வலையைத் தொளதொளவென்று மேலே போர்த்தாதீர்கள், பறவையும் சாரைப்பாம்பும் சிக்கிச் செத்துப்போகும். விரல் நுழையாத கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் நல்ல காய்ப்புள்ள கிளைகளுக்கு மட்டும் துணிப்பை மாட்டிவிட்டு மிச்சத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பறிப்பதில் அவசரம் வேண்டாம். சிவப்பாக இருக்கும்போது பறித்து டப்பாவில் வைத்தால் பழுத்து இனிக்கும் என்று நினைப்பது தவறு, புளிப்பு புளிப்பாகவே இருக்கும். கறுப்பு ரகம் நன்றாகக் கறுத்து, தொட்டாலே கையோடு வரும்போதுதான் பழம். வெளிர்நிறப் பழ ரகம் கறுக்கவே கறுக்காது. அதைத் தொட்டு, மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் பறிக்க வேண்டும். நிறைய இருந்தால் கீழே ஒரு பழைய சேலையை விரித்துக் கிளையை மெல்ல உலுக்குங்கள். உடனே கழுவி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மறுநாளே பூஞ்சை கட்டும். கழுவாமல் அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்தால் இரண்டு நாள் தாங்கும், சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம். சட்டையில் கறை பட்டுவிட்டால், மரத்தில் பழுக்காமல் இருக்கிற பச்சைக் காய் ஒன்றைப் பறித்து அதன் மேல் கசக்கித் தேய்த்து அலசுங்கள், ஓரளவுக்குப் போய்விடும்.