டில்ட் தூக்கவில்லையா? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

படகின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் இஞ்சினைத் தண்ணீரில் இருந்து தூக்கி இறக்கும் அமைப்புத்தான் டில்ட். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு அது பழுதாவது பெரிதாகத் தெரியாது. அங்கே ஆழம் தாராளம். கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய மணல்திட்டைத் தாண்டும்போதோ, நிலாவெளிக் கரையில் படகை ஏற்றும்போதோதான் தெரியும். இஞ்சினைத் தூக்க முடியாவிட்டால் புரொப்பெல்லர் மணலை உழும். புறாத்தீவுப் பக்கம் என்றால் மணலுக்குப் பதில் முருகைக்கல்.

டில்ட் வேலை செய்யாவிட்டால் உடனே ஸ்பேனரை எடுத்து ஒயில் பக்கத்தைக் கழற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை. சுவிட்சில் தூக்கும் இஞ்சினில் மோட்டர் ஒரு பம்பைச் சுற்றும், பம்ப் தள்ளும் ஒயில்தான் இஞ்சினைத் தூக்கும். அதனால் சுவிட்சை அழுத்திவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். பழுது கரண்டிலா ஒயிலிலா என்பதை அந்தச் சத்தமே பாதி சொல்லிவிடும்.

அதற்கு முன் ஒன்று. படகைக் கரையில் ஏற்றிவிடுங்கள். இஞ்சினைத் தூக்கிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது விழாமல் பிடிக்கும் தாங்கியைப் போட்டு, கயிற்றாலும் கட்டுங்கள். கீழே தலையையோ கையையோ நீட்ட வேண்டாம். 40 குதிரைச் சக்தி இஞ்சின் விரலில் இறங்கினால் விரல் மிஞ்சாது.

கையால் தூக்கும் இஞ்சினா?

9.9, 15 குதிரைச் சக்தி போன்ற சின்ன இஞ்சின்களில் பெரும்பாலும் மோட்டரோ பம்போ இல்லை. ஒரு லீவர், ஒரு கொக்கி, கோணத்தை மாற்ற ஒரு பின், அவ்வளவுதான். தூக்க வரவில்லை என்றால் முதலில் கியர் பின்னோக்கி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் பின் கியரில் கொக்கி பூட்டிக்கொள்ளும், நியூட்ரலுக்கு வந்தால்தான் விடும். கியர் சரியாக இருந்தும் இறுக்கமாக இருந்தால் உப்புத்தான் காரணம். நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கிறீஸ் நிப்பிளில் பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை புதுக் கிறீஸ் அடியுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம். இஞ்சினைப் படகில் பூட்டும் பிராக்கெட் அலுமினியம், வெடித்துவிடும்.

சுவிட்சில் தூக்கும் இஞ்சினா?

படி 1: சத்தமே இல்லை

பற்றரியில் இருந்து தொடங்குங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பற்றரி, சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 அளவில் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். வோல்ட் சரி என்றால் முனைகளைப் பாருங்கள். கடற்காற்றில் அவற்றில் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் பூத்திருக்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் கிளம்பைக் கழற்றினால் உள்ளே கறுத்திருப்பதுண்டு. வயர்களைக் கழற்றி, சுடுநீரில் கொஞ்சம் அப்பச்சோடா கரைத்து, பழைய பல்தூரிகையால் தேயுங்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் பூசிவிடுங்கள். என் கைக்கு வந்த இஞ்சின்களில் பல இந்த இடத்திலேயே சரியாகிப் போயின, காசு வாங்கவே கூச்சமாக இருந்தது.

அப்புறம் பியூஸ். எரிந்திருந்தால் அதே அம்பியருக்கு மாற்றுங்கள், கம்பியைச் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். பல இஞ்சின்களில் ரிமோட் கைப்பிடியில் ஒன்று, இஞ்சின் மூடியின் பக்கத்தில் ஒன்று என இரண்டு சுவிட்ச் உண்டு. ஒன்று வேலை செய்து மற்றது செய்யாவிட்டால் பழுது அந்தச் சுவிட்சிலோ அதன் வயரிலோதான்.

படி 2: 'டிக்' என்று மட்டும் கேட்கிறது

சுவிட்சை அழுத்தியதும் மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் பாகம்தான் ரிலே. அது இழுக்கிறது, கரண்ட் மோட்டருக்குப் போகவில்லை. அல்லது போயும் மோட்டர் செத்திருக்கிறது. மேலே ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று ரிலே இரண்டு. ஒரே மாதிரியான தனித்தனி ரிலே என்றால் இடத்தை மாற்றிச் செருகுங்கள். இதுவரை ஏறாதது இப்போது ஏறி, இறங்க மறுத்தால் ரிலேதான் குற்றவாளி. புதிது ஒன்று வாங்கினால் போதும்.

படி 3: மோட்டர் உறுமுகிறது, இஞ்சின் அசையவில்லை

இப்போதுதான் ஒயில் பக்கம் போக வேண்டும். அதிலும் முதலில் கைவிடுவிப்பு வால்வு. பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் வெட்டுப் போட்ட பெரிய ஸ்குரூ. கரண்ட் இல்லாதபோது கையால் தூக்குவதற்காக வைத்தது. இது தளர்ந்திருந்தால் பம்ப் எவ்வளவு சுழன்றாலும் ஒயில் சுற்றிக்கொண்டே இருக்கும். வலஞ்சுழியாக இறுக்கிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இஞ்சின் மேலே நிற்கும்போது மட்டும் இதைத் தளர்த்த வேண்டாம், தொபுக்கென்று விழும்.

நானே ஒரு தடவை இதைத் தளர்த்திவிட்டு இறுக்க மறந்து, நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் புறப்பட்டேன். முன்னால் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. தீவுக்குக் கிட்ட வந்து பின் கியர் போட்டேன், இஞ்சின் வாலைக் கிளப்பிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. பிரேக் இல்லாத பஸ் மாதிரி படகு முருகைக்கல் பக்கம் போக, துடுப்பை ஊன்றித்தான் நிறுத்தினேன்.

வால்வு இறுக்கம் என்றால் ஒயில் அளவு. மோட்டர் தூக்காவிட்டால் அந்த வால்வைத் தளர்த்திக் கையால் இஞ்சினை முழுக்கத் தூக்கி, தாங்கி போட்டு, வால்வை மறுபடி இறுக்கியபின்தான் ஒயில் மூடியைத் திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறந்தால் ஒயில் முகத்தில் அடிக்கும். அளவு துளை விளிம்புவரை இருக்க வேண்டும். குறைந்தால் கையேட்டில் சொன்ன ஒயிலையே விடுங்கள். யமஹாவுக்கு டெக்ஸ்ரான் 2 வகை ஏ.டி.எஃப் (ஓட்டோ கியர் வாகன ஒயில்). இஞ்சின் ஒயில், பிரேக் ஒயில் எதுவும் கூடாது. ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது, முழுக்க மாற்றத்தான் வேண்டும். நிரப்பி மூடியபின் நாலைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்குங்கள், உள்ளே சிக்கிய காற்று போய்விடும். விக்கி விக்கி ஏறும் இஞ்சினுக்கும் இதுதான் வைத்தியம்.

படி 4: ஏறுகிறது, நிற்காமல் மெல்ல இறங்குகிறது

இஞ்சினைத் தூக்கி, பிராக்கெட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு இரவு முழுக்க விடுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் தாங்கியும் கயிறும் வேண்டாம், ஆட்கள் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் கோடு விலகியிருந்தால் வால்வின் ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்), இஞ்சினைத் தள்ளித் தூக்கும் தண்டின் சீலோ ஒயிலை விடுகிறது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் அந்தத் தண்டை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ஒயில் பட்டால் சீல் போயிருக்கிறது. தண்டின் மேல்மூடியைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், உள்ளே அழுத்தமும் இருக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இறங்கவில்லை என்று போன் எடுப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "தாங்கியை எடுத்தீங்களா?" என்பது. கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு, "சரி அண்ணை, வைக்கிறேன்."

எல்லாம் சரியானதும் இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கி, மெதுவாகப் பின் கியர் போட்டுப் பாருங்கள். வால் கிளம்பாமல் நின்றால் கடலுக்குப் போகலாம்.