பழைய வெல்டிங் பிளான்ட் வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

கொழும்பில் பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய வெல்டிங் பிளான்ட் தேடிப் போனால், கடைக்காரர் 2.5 மி.மீ. வெல்டிங் ரொட்டைக் கொளுவி இரண்டு அங்குலம் ஒட்டிக் காட்டுவார். பொறி பறந்ததும் நாம் விலை பேசத் தொடங்கிவிடுவோம். அந்தச் சில வினாடிக்குப் பாதி செத்த பிளான்ட்டும் ஒழுங்காகத்தான் எரியும். சூடேறினால்தான் குணம் தெரியும்.

ரொட்டைத் தொடுமுன், வோல்ட், அம்பியர் எல்லாம் எழுதியிருக்கும் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளான்ட்களில் பல 100 அல்லது 200 வோல்ட்டுக்குச் செய்தவை. நமக்கு வருவது 230. 200 வோல்ட் ட்ரான்ஸ்போமர் பிளான்ட்டுக்கு அதை நேரே கொடுத்தால் வேலை செய்யும், ஆபத்தே அதுதான். இரைச்சல் கூடும், சீக்கிரம் சுடும், நாளடைவில் கொயில் கருகும். ஜப்பானின் கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. தகட்டில் 60 மட்டும் இருந்தால் நம் 50இல் இன்னும் மோசம். “ஸ்டெப் டவுன் போடலாம்” என்பார்கள். அது வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 400 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வீட்டு சிங்கிள் பேஸுக்குச் சரிவராது. தகட்டைச் சுரண்டியிருந்தால், சும்மா தந்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

எவ்வளவு நேரம் தொடர்ந்து ஒட்டலாம் என்று சொல்லும் டியூட்டி சைக்கிளும் அந்தத் தகட்டில்தான் இருக்கும். 200 அம்பியரில் 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஒட்டலாம், மீதி ஆறவிட வேண்டும். சின்ன இன்வேட்டரில் (எலெக்ட்ரோனிக் போர்டில் ஓடும் பிளான்ட்) பெரிதாக ‘300’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வெறும் அலங்காரம்.

சோதிக்க 3.2 மி.மீ. ரொட்டும் தடித்த இரும்பும் நீங்களே கொண்டு போங்கள். 120 அம்பியர் அளவில் வைத்து நாலைந்து ரொட்டைத் தொடர்ந்து எரியுங்கள். முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கொயில் வார்னிஷ் கருகும் வாடை வருகிறதா, ஃபேன் திணறுகிறதா, கடைசி ரொட் முதல் ரொட்டைப் போலவே ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஹோல்டர், கேபிள் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, விலையில் கழிக்கலாம்.

இன்வேட்டர் என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். கொழும்பின் உப்புக் காற்றில் போர்டு பச்சை பிடித்திருக்கலாம், கெப்பாசிட்டர் வீங்கியிருக்கலாம். பிளக்கையும் திறந்து பாருங்கள். ஏர்த் வயர் வெட்டப்பட்டிருந்தால், பிளான்ட்டின் பொடியில் (வெளிக்கூட்டில்) கரண்ட் கசிந்து ட்ரிப் சுவிட்ச் விழுவதை மறைக்க யாரோ செய்த வேலையாக இருக்கலாம். கரண்ட் கசிவைக் காட்டும் மெகர் மீட்டரை வைத்துப் பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம்.