விலை கேட்கக் கூச்சப்பட்டால்: ஸ்பெயின் உணவகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த எட்டுப் பேரை வலென்சியா கடற்கரையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டு, தொலைந்துபோன பெட்டி ஒன்றைத் தேடி ரயில் நிலையத்துக்கு ஓடினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், பில்லை நடுவில் வைத்து எட்டுப் பேரும் ஜாதகம் பார்ப்பதுபோல் குனிந்திருக்கிறார்கள். "தம்பி, இதுல என்னமோ தப்பாப் போட்டுட்டாங்க. நீங்க கொஞ்சம் கேளுங்க" என்றார் மூத்தவர். வாங்கிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன் நான் விழுந்த அதே குழிதான்.

மாட்ரிட்டில் குடியிருந்து தமிழ்க் குழுக்களை ஊர் ஊராக அழைத்துப் போவது என் பிழைப்பு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல், பரிமாறுபவரைக் கைதட்டிக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலை தெரியாமல் மீனுக்குத் தலையாட்டுவது

முதலில் என் கதை. நான் ஸ்பெயினுக்கு வந்த முதல் வருஷம், ஊரிலிருந்து அத்தை மகனும் அவன் நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். பாஸ்க் பகுதியில் ஒரு கடலோர ஊர். கரியடுப்பில் மீன் சுடும் வாசனை தெருமுனை வரை வந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும், பரிமாறுபவர் ஒரு தட்டில் முழு ரோதபாயோ மீனைக் கொண்டுவந்து காட்டினார். தட்டையான, அகலமான மீன். "உங்கள் நாலு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார். பட்டியலில் அந்த மீன் இல்லை. விலையை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் விலை கேட்பதா என்று ஒரு கௌரவம்.

மீன் 1.7 கிலோ, கிலோ 68 யூரோ. மீனுக்கு மட்டும் 115 யூரோ 60 காசு. அந்த மாத என் வீட்டு வாடகையில் கால்வாசிக்கு மேல். தட்டில் வந்ததோ தலையும் முள்ளும் கழித்து ஆளுக்கு நாலு வாய். அங்கேதான் தெரிந்துகொண்டேன்: எடை போடுவது பச்சை மீனை, தலை, முள் எல்லாம் சேர்த்து. இது ஏமாற்று இல்லை, எங்கும் அப்படித்தான். இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது, அவர்மேல் அல்ல, என்மேல்.

இந்தக் குழிக்கு மூன்று வாசல் உண்டு. பட்டியலில் இல்லாமல் வாயால் சொல்லப்படும் சிறப்பு உணவு முதல் வாசல். பட்டியலில் விலைக்குப் பதிலாக 'எஸ்.எம்.' என்று போட்டிருப்பது இரண்டாவது. 'செகுன் மெர்காதோ', அதாவது அன்றைய சந்தை விலை என்பதன் சுருக்கம் அது. மூன்றாவதுதான் கோயம்புத்தூர்க்காரர்கள் நுழைந்தது: விலை பளிச்சென்று 16 யூரோ என்று இருக்கும், பக்கத்தில் எறும்பு எழுத்தில் '100 கி.', அதாவது நூறு கிராமுக்கு, என்று இருக்கும். கம்பா ரோஹா எனும் சிவப்பு இறாலை இப்படித்தான் விற்பார்கள். இவர்கள் 16 யூரோவை ஒரு தட்டின் விலை என்று நினைத்து, தாராளமாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது 1.2 கிலோ. 192 யூரோ. குழுவில் இரண்டு பேர் சைவம் வேறு.

கீரைக்காரம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேசுகிற நமக்கு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப் போகிறது. ஸ்பெயின்காரர்களைப் பாருங்கள். பக்கத்து மேசையில் கோட்டு போட்ட பெரியவர் கூசாமல் கேட்பார்: "ஆ குவான்ட்டோ எஸ்டா எல் கிலோ?" கிலோ என்ன விலை? அடுத்து, "குவான்ட்டோ பேசா எஸ்டே?" இது எவ்வளவு எடை? 'பேசா' என்றால் அவர்கள் மொழியில் 'எடை நிற்கிறது'. நம் மொழியில் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே இரண்டு பில் இருக்கிறது. இந்த இரண்டு கேள்வியும் கேட்டால் பரிமாறுபவர் முகம் சுளிக்கமாட்டார். விலை கூடுதல் என்று தோன்றினால் சின்னதாக ஒன்று எடுத்து வரச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். மீன் அடுப்பில் ஏறிய பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பயேயா விலையைத் தப்பாகப் படிப்பது

பயேயா என்பது அகலச் சட்டியில் சமைக்கும் அரிசிச் சோறு. போட்டிருக்கும் விலை ஒரு ஆளுக்கு, சட்டிக்கு அல்ல. 'குறைந்தது இரண்டு பேர்' என்றும் இருக்கும். 20 யூரோவுக்கு ஒரு சட்டி வாங்கி நாலு பேர் பங்கு போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

'சைவம்' என்று மட்டும் சொல்லி நிம்மதியாக இருப்பது

'சின் கார்னே', இறைச்சி இல்லாமல், என்று சொல்லுவீர்கள். அவரும் சரி என்று தலையாட்டி, ஹமோன் எனும் பன்றித் தொடைத் துண்டுகள் தூவிய பச்சை பீன்ஸைக் கொண்டுவந்து வைப்பார். பழைய ஆட்கள் பலருக்குக் 'கார்னே' என்றால் மாட்டுக்கறி மாதிரி ஒரு பெரிய துண்டு. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை அவர்கள் கண்ணில் மசாலாப் பொடி போல, எதிலும் விழும். கோர்தோபா ஊரின் சல்மொரேஹோ, தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கெட்டிச் சூப். அதன் தலையிலும் ஹமோனும் முட்டையும் இருக்கும். 'சாண்ட்விச் வெஹெத்தால்' என்பதன் பெயரிலேயே காய்கறி இருக்கிறது, உள்ளே சூரை மீன் இருக்கும். 'என்சலாதா மிக்ஸ்தா' சாலடிலும் அதே சூரை.

ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் மறுக்க வேண்டும்: சின் ஹமோன், சின் அத்தூன், சின் பெஸ்காதோ. ஹமோன் இல்லை, சூரை இல்லை, மீன் இல்லை. நம்பிக் கேட்கக்கூடியவை: பொரித்து உப்புத் தூவிய பாத்ரோன் குடைமிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி, தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், செவில்லாவின் கீரையும் கொண்டைக்கடலையும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு டார்ட்டீயா எனும் தடித்த ஆம்லெட் இருக்கும்வரை கவலை இல்லை. கத்தரிக்காய் மேல் 'தேன்' என்று ஊற்றுவது பெரும்பாலும் கரும்புப் பாகு. நம் நாக்குக்கு அது சட்டென்று பிடித்துப்போகும்.

ரொட்டி, தண்ணீர், வெளி மேசை

கேட்காமல் வந்த ரொட்டிக்கும் பில்லில் காசு வரலாம். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள். பட்டியலில் விலை போடாத ரொட்டிக்குக் காசு கேட்டால் மறுக்கலாம். வேலைநாள் மதியங்களில் கிடைக்கும் 'மெனு தெல் தியா'வில் இந்தத் தொல்லை இல்லை: இரண்டு தட்டு, இனிப்போ காபியோ, ரொட்டி, பானம் எல்லாம் பெரும்பாலும் ஒரே விலையில் அடக்கம்.

தண்ணீர் என்றால் பாட்டில்தான் வரும். 2022-ல் வந்த கழிவுச் சட்டம் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. 'ஆகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள். மாட்ரிட் குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும். பார்சலோனா தண்ணீர் வாயில் கொஞ்சம் கரிப்பாகத் தெரியும், அங்கே நானே பாட்டில்தான் வாங்குகிறேன்.

ஒரே காபிக்கு நின்று குடித்தால் ஒரு விலை, உள்ளே மேசையில் ஒரு விலை, தெருவோர நாற்காலியில் ஒரு விலை என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு. உட்காரும் முன் பட்டியலைப் பாருங்கள்.

பில் வரவில்லை என்று கோபப்படுவது

கேட்காமல் பில்லை நீட்டினால், 'எழுந்து போ' என்று சொன்னதாக ஆகிவிடும். சாப்பிட்ட பிறகு அதே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அது சாப்பாட்டைவிட நீளும். அவசரமென்றால் நீங்கள்தான் கண்ணைப் பார்த்து "லா குவென்ட்டா, போர் ஃபவோர்" என்று சொல்ல வேண்டும்.

எட்டுப் பேருக்கு எட்டு பில் கேட்பது

கேட்காதீர்கள்.

அமெரிக்கக் கணக்கில் டிப்ஸ் வைப்பது

அந்த ரோதபாயோ இரவில் இன்னொரு கூத்தும் நடந்தது. நியூ ஜெர்சியில் வேலை பார்த்த அத்தை மகன், "15 சதவீதம் வைக்கலைன்னா துரத்திட்டு வருவாங்கடா" என்று பயமுறுத்த, மொத்த பில்லுக்கும் கணக்குப் போட்டு மேலும் 25 யூரோ வைத்தேன். பரிமாறுபவர் துரத்திக்கொண்டுதான் வந்தார், மீதிச் சில்லறையை மறந்துவிட்டோம் என்று நினைத்து.

இங்கே டிப்ஸுக்குப் பெயர் 'ப்ரோபினா', அது கடமை இல்லை. பரிமாறுபவரின் பிழைப்பு அதை நம்பி இல்லை. 2025-ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,184 யூரோவாக இருந்தது, வருஷத்துக்கு 14 தவணை. அது பெரிய காசு இல்லைதான், ஆனால் முதலாளி தரவேண்டிய சம்பளம் அது. 10 சதவீத வரியும் பட்டியல் விலையிலேயே சேர்ந்திருக்கும். காபிக்கு ஒன்றும் வேண்டாம், கையில் இருந்தால் பத்து இருபது காசு. மெனு தெல் தியாவுக்கு ஒரு யூரோ போதும், வைக்காவிட்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். மனசு நிறைந்த இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து சதவீதம் வரை வைப்பேன். சுற்றுலாத் தெருக்களில் அட்டை இயந்திரமே '10, 15, 20' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. 'இல்லை' பொத்தானை அழுத்தக் கூச்சப்படாதீர்கள், உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

வைப்பதானால் நாணயமாக வையுங்கள். பழைய பார்களில் அது 'போட்டே' எனும் பொது உண்டியலுக்குப் போகும், பிறகு எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். உண்டியலில் காசு விழுந்ததும் மணியை அடித்து, "போட்டே!" என்று கத்தும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. செவில்லாவில் கோயம்புத்தூர் மூத்தவர் ஐம்பது காசு வைத்தார். மணி அடித்தது, மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் வெலவெலத்துப் போய், "கம்மியா வெச்சுட்டனா தம்பி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மணியையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டைப் பையைத் துழாவி இன்னொரு ஐம்பது காசு எடுத்து வைத்தார்.