சேவ் எடுத்த பிறகு எரிவும் கடியும்: பிழை எங்கே விடுகிறோம்?

சேவ் எடுத்த பிறகு கழுத்து சிவந்து எரிந்தால், பலர் முதலில் தேடுவது மேலே பூச ஏதாவது ஒரு கிறீம். பூசினால் எரிவு அடங்கும். அடுத்த சேவுக்கு அதே இடம் திரும்பவும் சிவக்கும். பிழை பெரும்பாலும் பூசுவதற்கு முன்பே, சேவுக்கு ஆயத்தமாகும்போதும் எடுக்கும்போதும் நடந்துவிடுகிறது.

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுபவை. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம்தான் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, பிசுபிசுப்பான ஒரு படையாகத் தோலில் ஒட்டுகிறது. நுரை மெல்லியதானால் பிளேட் வழுக்காது, சுரண்டும். குளிக்கிற சவர்க்காரத்தையே நாடியில் தேய்த்துவிட்டு வழிப்பது ஆகவே இங்கே கூடுதல் பிழை. சேவிங் கிறீம் அல்லது ஜெல் பாவியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுத்தால் கல்சியத்தில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் சவர்த்தண்ணீர் உள்ளவர்களுக்குக் கொதிக்கவைத்துப் பயனில்லை, உப்பு போகாது. அவர்கள் கடைசியாக முகம் கழுவ ஒரு கோப்பை நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது அவசரம். தாடி மயிர் தண்ணீரை உறிஞ்சி இளக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். இளகினால் வெட்ட அழுத்தம் குறைவு. குளித்து முடித்த கையோடு எடுப்பதுதான் சுகம். இல்லையென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயை முகத்தில் வைத்திருங்கள். கிறீமைப் பூசி இன்னொரு நிமிடம் விட்டுத்தான் றேசரைத் தூக்க வேண்டும்.

அந்தியேட்டி (இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை) வரை வளர்த்த ஒரு மாதத் தாடியை நேரே பிளேட்டால் வழிப்பவர்களுக்கு மிகவும் எரியும். நீளமான மயிர் பிளேட்டில் சிக்கி இழுபடும். முதலில் ட்ரிமராலோ கத்தரிக்கோலாலோ ஒட்ட வெட்டிவிட்டுப் பிறகு சேவ் எடுங்கள். எடுத்த கையோடு கிரியைக்காகக் கீரிமலைக் கடலில் இறங்கினால் எரியத்தான் செய்யும். முடிந்தால் முதல் நாள் இரவே எடுத்துவிடலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, மழுமழுவென்று வர வேண்டும் என்ற ஆசை. மயிர் வளரும் திசைக்கு எதிராக வழித்தால், தோலை இழுத்துப் பிடித்தால், பல பிளேட் உள்ள றேசரை அழுத்தினால், மயிர் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். கூரான முனை வளரும்போது தோலுக்குள்ளேயே குத்தும். இரண்டு மூன்று நாளில் கழுத்தில் வரும் சின்னச் சின்னப் பருக்கள் பல நேரம் இதனால்தான். சுருட்டை மயிர்க்காரருக்கு இது கூடுதல். கழுத்தில் மயிர் கீழ்நோக்கித்தான் வளரும் என்று நினைக்கவும் கூடாது. சிலருக்குப் பக்கவாட்டாக, சிலருக்கு மேல்நோக்கி. இரண்டு நாள் தாடியில் விரலால் தடவிப் பாருங்கள்: வழுக்கும் பக்கம்தான் வழிக்க வேண்டிய பக்கம். சிறிய இழுவை, ஒவ்வொன்றுக்கும் பிளேட்டைக் கழுவுதல், ஒரே இடத்தில் இரண்டு தரத்துக்கு மேல் போகாமை. பரு அடிக்கடி வருபவர்கள் பிளேட்டை விட்டுவிட்டு ட்ரிமரால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவதே மேல். குத்திய மயிரை ஊசியால் தோண்ட வேண்டாம், கறுத்த அடையாளம் மிஞ்சும்.

பிளேட்டை ஐந்து முதல் ஏழு சேவுக்குள் மாற்றுங்கள். இழுபடுகிறது என்றால் அதற்கு முன்பே. கிணற்றடியில் ஈரத்தோடு விடாமல், உதறி, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

பிறகு பூசுவதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் உண்டு. குளிர்ந்த தண்ணீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, வாசமில்லாத மொயிஸ்சரைசர் பூசினால் போதும். ஓடிக்கொலோன், ஸ்பிரிட் கலந்த லோஷன் தோலை மேலும் காயவைக்கும். படிகாரம் வெட்டுக்காயத்தில் இரத்தத்தை நிறுத்தும். முகம் முழுக்கத் தேய்த்தால் வறட்சிதான். தேசிக்காய்ப்புளி பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் பொக்களித்துக் கறுக்கலாம். காலையில் சேவ் எடுத்துவிட்டு உடனே ஹெல்மெட் மாட்டுபவர்கள் நாடிப் பட்டியைக் கவனியுங்கள்: வேர்வையும் தூசியும் ஊறிய அந்தப் பட்டி, புதிதாக வழித்த தோலில்தான் உரசும். பட்டியைக் கழுவுங்கள், அல்லது சேவ் எடுப்பதை இரவுக்கு மாற்றுங்கள். கைக்குழி வழிக்கும் பெண்களும் இரவில் எடுத்து, டியோடரன்டை மறுநாள் போடுவது நல்லது.

சலூனில் புதுப் பிளேட்டை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் தேய்க்கும் படிகாரக் கட்டியையும் பிறஷையும் பார்ப்பவர் குறைவு. படிகாரத்தை வேண்டாம் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வட்டமாகப் பரவி ஓரம் தடித்துக் கடித்தால் அது சேவ் எரிவு அல்ல, படை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பாமசியில் தானாக வாங்கும் ஸ்ரெரொயிட் கிறீம் முதலில் குறைப்பதுபோல் காட்டி, படையை உள்ளுக்குப் பரவவிடும். சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், தழும்பு தடித்து எழும்பினால், சேவ் எடுப்பதை நிறுத்திவிட்டு யாழ். போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். போகும்போது அதுவரை பூசிய கிறீம்களின் ரியூப்களையும் கையோடு கொண்டுபோங்கள்.